வெள்ளை மேடை வேண்டுமா, கருப்பு போதுமா? கிரானைட், குவார்ட்ஸ் கணக்கு

சமையல் மேடைக்குக் கல் எடுக்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, சதுர அடி என்ன விலை என்றுதான். அதைக் கடைசியில் கேட்கலாம். வீட்டில் முதலில் பேசி முடிக்க வேண்டியது நிறம். கருப்பு, அடர் பழுப்பு, கரும்பச்சை, எதுவானாலும் சரி என்றால் கிரானைட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஆலையில் செய்யும் குவார்ட்ஸ் பலகைக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு அங்கே வேலை இல்லை. பால் வெள்ளை, தந்த நிறம், வெளிர் சாம்பல் என்று மனசு நின்றுவிட்டால்தான் ஒப்பீடே தொடங்குகிறது. இயற்கைக் கல்லில் அடர் நிறங்கள் திடமானவை. வெளிர் நிறங்களில் பெரும்பாலானவை சமையலறைக்குள் வந்தால் ஏதாவது ஒரு வகையில் படுத்தும். குவார்ட்ஸ் தனக்கென்று இடம் பிடித்தது அந்த இடைவெளியில்தான்.

எது எந்தக் கல்

கடையில் கிரானைட் என்று விற்பதெல்லாம் புவியியல் பாடத்தில் வரும் கிரானைட் அல்ல. விழுப்புரம் வட்டாரத்துக் குன்னம் பிளாக், தெலங்கானாவின் ஆப்சலூட் பிளாக் எல்லாம் டோலரைட், காப்ரோ வகைக் கருங்கற்கள் (இனி கருங்கல் என்று சொல்வது இந்தக் கருப்புக் கற்களைத்தான்). பொன்துகள் மின்னும் பிளாக் கேலக்ஸி ஆந்திராவின் பிரகாசம் மாவட்டம் சீமகுர்த்தியிலிருந்து வருகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோ, அலையலையாக வரி ஓடும் உருமாறிய பாறை. கரீம்நகரின் டான் பிரவுன்தான் பெயருக்கேற்ற கிரானைட். மேடை போடுகிறவருக்கு இந்த வேறுபாட்டில் ஒன்று மட்டும் முக்கியம்: கருங்கற்களின் துகள்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகக் கோத்துக்கொண்டிருக்கும், தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே விடுவது மிகக் குறைவு.

வெளிர் நிறக் கற்களில் தமிழ்நாட்டில் அதிகம் போன பெயர் காஷ்மீர் ஒயிட். காஷ்மீருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மதுரை மாவட்டத்துக் கல். அதில் தெரியும் செம்புள்ளிகள் கார்னெட், இரும்புச் சத்துள்ள கனிமம். கல்லுக்கு அடியில் ஈரம் நின்றால் அந்த இரும்பு துருப்பிடித்து, ஓரிரு வருடத்தில் புள்ளியைச் சுற்றி மஞ்சள் பரவும். பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில்தான் முதலில் தெரியும். மேலே எத்தனை தேய்த்தாலும் போகாது, கறை கல்லுக்குள்ளேயே பிறந்தது. எல்லா வெளிர் கிரானைட்டும் இப்படி அல்ல. ஆனால் வெளிர் கல் எடுப்பவர் சோதிக்காமல் எடுக்கக் கூடாது.

குவார்ட்ஸ் என்று சந்தையில் சொல்வது ஆலையில் செய்த பலகை. எடையில் ஏறக்குறைய 90 முதல் 93 சதவீதம் அரைத்த குவார்ட்ஸ் கல்துகள், மீதி பாலியெஸ்டர் ரெசின் என்ற பிளாஸ்டிக் பிசினும் நிறமியும். கலவையை அச்சில் பரப்பி, காற்றை உறிஞ்சி எடுத்து, அதிர்வோடு அழுத்தி, அடுப்பில் வைத்து இறுகவிடுகிறார்கள். இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் உருவாக்கிய முறை இது. விசாகப்பட்டினம் அருகே உள்ள பொக்கர்ணா ஆலை அந்த இயந்திரங்களில்தான் ஓடுகிறது. காற்று உறிஞ்சப்பட்டதால் பலகையில் துளை என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. கல்லின் துளைகளை அடைக்கும் சீலர் திரவம் அடிக்க வேண்டாம். வளைவைத் தாங்குவதில் கிரானைட்டை விட இரண்டு மூன்று மடங்கு வலு. இந்த நல்ல குணங்கள் எல்லாம் ரெசினால் வருகின்றன. கெட்ட குணங்களும் அதே ரெசினால்தான்.

சூடு

நம் சமையலறையில் குவார்ட்ஸ் தோற்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

தோசைக்கல் வேலை செய்யும் சூடு 200 டிகிரி செல்சியஸ் சுற்றி. பஜ்ஜி பொரிக்கும் எண்ணெய் 170, 180. குக்கருக்கு உள்ளே 120 தான், ஆனால் அடிப்பாகம் நெருப்பிலிருந்து இறக்கிய நொடியில் அதை விட அதிகம். பெரும்பாலான குவார்ட்ஸ் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கும் எல்லை 150 டிகிரி சுமார். இரும்புத் தோசைக்கல்லை அப்படியே இறக்கி வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, ரெசின் கருகி, வெள்ளைப் பலகையில் மங்கிய பழுப்பு வட்டம் விழும். அது அழுக்கு அல்ல, பொருளே மாறிவிட்டது. தேய்த்து எடுக்க முடியாது, அந்த ஆழம் வரை அரைத்து எடுத்தால்தான் போகும், அரைத்தால் அந்த இடத்தின் பளபளப்பு மற்ற இடத்தோடு சேராது. இரண்டு, விரிசல். வட்டமாகச் சூடான பகுதி விரிய முயலும், சுற்றியிருக்கும் குளிர்ந்த பகுதி விடாது. ரெசின் கலந்த பலகை கிரானைட்டை விட அதிகம் விரியும் தன்மை கொண்டது. இழுவிசை போய்ச் சேர்வது பலவீனமான இடத்தில். மேடைக்குள் பதிக்கும் ஹாப் அடுப்புக்கு வெட்டிய சதுரத்தின் மூலையில். அங்கிருந்து மேடையின் முன் விளிம்பு வரை ஒரு கோடு ஓடும்.

மேடை மேல் வைக்கும் சாதாரண இரட்டை பர்னர் அடுப்பு இதில் ஒரு வகையில் பாதுகாப்பு. அதற்குக் கால் இருக்கிறது, கீழே காற்று ஓடும். அகலமான இட்லிப் பானையையோ பிரியாணி அண்டாவையோ சிறு அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் எரித்தால் மட்டும் சுவாலை வெளியே பிதுங்கிக் கல்லை நக்கும். ஹாப் வைப்பவர்கள் வெட்டும் மூலையைச் சதுரமாக விடக் கூடாது. முதலில் நான்கு மூலையிலும் துளை போட்டு, குறைந்தது 10 மி.மீ. ஆரத்தில் வளைவாக முடித்து, வெட்டின் உள் ஓரத்தையும் தேய்த்துவிடச் சொல்லுங்கள். வெட்டுக்கும் முன் விளிம்புக்கும் நடுவில் 3 அங்குலம் கல் மிஞ்ச வேண்டும். கிரானைட்டுக்கும் இதே விதிதான். ஆனால் கிரானைட்டில் தவறு நடந்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு, குவார்ட்ஸில் குறைவு.

கிரானைட் எரிமலைக் குழம்பில் பிறந்தது, ஒன்றும் ஆகாது என்று விற்பவர் சொல்வார். முழு உண்மை அல்ல. தோசைக்கல்லின் சூட்டில் அது கருகாது, நிறம் மாறாது. ஆனால் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருக்கும் கல்லில், ஒரே இடத்தில் தினமும் சூடு ஏறி இறங்கினால் விரிசல் நீளும். சூடான இடத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றித் துடைப்பது அதைவிடக் கெடுதல்.

குவார்ட்ஸ்தான் என்று முடிவாகிவிட்டால் ஒரு வழி இருக்கிறது: அடுப்பின் இரு பக்கமும் ஒன்றரை அடி அகலத்துக்குப் பாத்திரம் இறக்கும் இடம் என்று ஒதுக்கி, அங்கே நிரந்தரமாக ஒரு மரப்பலகையோ இரும்பு வளையமோ வைத்துவிடுவது. "எடுத்து வைத்துக்கொள்வோம்" என்பது நடக்காது. குக்கர் விசில் அடிக்கும்போது யாரும் பலகையைத் தேட மாட்டார்கள். வீட்டில் சமைப்பவர் ஒருவரா, வேலைக்கு வரும் அக்காவும் சேர்ந்தா என்பதையும் கணக்கில் எடுங்கள். விதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆள் கூடக் கூட, வெள்ளை மேடையின் ஆயுள் குறையும்.

மஞ்சள், புளி, நல்லெண்ணெய், உப்புத் தண்ணீர்

கறையில் நிலைமை தலைகீழ். நல்ல கருங்கல்லில் எந்தக் கறையும் கண்ணுக்குத் தெரியாது, உள்ளேயும் போகாது. வெளிர் கிரானைட்டில் எண்ணெய்தான் முதல் எதிரி. நல்லெண்ணெய்ப் பாட்டில் வைக்கும் இடத்தில் அடி வட்டம் கருமையாகப் பதிந்துவிடும். சமையல் சோடாவையும் நகப்பூச்சு நீக்கும் அசிடோனையும் கெட்டியாகக் குழைத்துப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி 24 மணி நேரம் விட்டால் மாவு எண்ணெயைத் திருப்பி இழுக்கும். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடி. அசிடோன் தீப்பிடிக்கும், அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மஞ்சள், காபி போன்றவற்றுக்கு அசிடோனுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு.

குவார்ட்ஸில் எண்ணெய் இறங்காது. மஞ்சள் மட்டும் கொஞ்சம் வம்பு பண்ணும். மசாலா அரைத்த விழுதை இரவு முழுக்க விட்டால் வெள்ளை ரெசினில் இளமஞ்சள் நிழல் தங்கும். பதற வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதையக் கூடியது. சோடா விழுதால் துடைத்துவிட்டு வெயில் படும் இடமாக இருந்தால் சில நாளில் மங்கிவிடும். ஆனால் அதே வெயில் வருடக்கணக்கில் விழுந்தால் ரெசினே பழுப்பேறும். பால்கனி, பின்கட்டு, மொட்டை மாடி மேடைகளுக்குக் குவார்ட்ஸ் போடவே கூடாது என்பது இதனால்தான்.

புளி, எலுமிச்சை, தயிர் இவற்றின் அமிலம் கிரானைட்டையும் குவார்ட்ஸையும் ஒன்றும் செய்யாது. சுண்ணாம்பு சார்ந்த கற்களைத்தான் அரிக்கும். மார்பிள் மேடையில் எலுமிச்சை வெட்டினால் பளபளப்பு போய் மங்கிய தடம் விழும்; வெள்ளை வேண்டும் என்பதற்காக மார்பிள் போடுவது வேண்டாத வேலை. பழைய வீடுகளின் கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான். மேடையாக அது மங்கிப்போகும். கீழே அலமாரித் தட்டாகவும் தடுப்பாகவும் நிற்க அதைப் போல மலிவும் உறுதியும் வேறில்லை.

கருப்பு மேடைக்கு உள்ள ஒரே தலைவலி போர்த் தண்ணீர். குழாயடியில் சொட்டு காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வளையம். பளபளப்பான கருப்பில் அது கோலம் போட்டது போலத் தெரியும். வெள்ளைக் குவார்ட்ஸிலும் அதே உப்பு படியும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தண்ணீர் கலந்த வினிகரை இரண்டு நிமிடம் விட்டுத் துடைத்தால் போகும். கழிப்பறைக்கு வாங்கிய அமிலத்தையோ, கட்டட வேலை முடிந்ததும் டைல்ஸ் கழுவும் ஆசிட்டையோ மேடைப் பக்கம் கொண்டுவராதீர்கள். கிரானைட்டில் உள்ள இரும்புக் கனிமத்தை அது துருவாக மாற்றும், பளபளப்பையும் தின்னும். குவார்ட்ஸுக்கு எதிரி வேறு: அடைப்பு நீக்கும் காரத்தூள், பெயிண்ட் உரிக்கும் திரவம், செறிவான பிளீச்சிங். இவை ரெசினைத் தாக்கும்.

ஒரு ஸ்லாப்பை வெட்டிப் பார்ப்போம்

விலையை ஒப்பிடும்போது எல்லோரும் கோட்டை விடும் இடம் இது. கிரானைட்டைச் சிறு ஸ்லாப்பாக வாங்கலாம். இரண்டே கால் அடி அகலம், எட்டு பத்து அடி நீளம் என்று மேடைக்கென்றே அறுத்தது கிடைக்கும். குவார்ட்ஸ் பெரும்பாலும் முழு ஸ்லாப்பாகத்தான் தருவார்கள். பரவலான ஓர் அளவு 3200 மி.மீ. நீளம், 1600 மி.மீ. அகலம்; பத்தரை அடிக்கு ஐந்தே கால் அடி, மொத்தம் 55 சதுர அடி.

‘எல்’ வடிவ மேடை, ஒரு பக்கம் 10 அடி, மறு பக்கம் மூலையோடு சேர்த்து 8 அடி, ஆழம் 2 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலையை ஒரு தடவைதான் எண்ண வேண்டும்: 10 பெருக்கல் 2, கூட்டல் 6 பெருக்கல் 2, ஆக 32 சதுர அடி. ஸ்லாப்பின் அகலத்தில் 610 மி.மீ. பட்டை இரண்டு வெட்டலாம். முதல் பட்டை 10 அடிப் பக்கத்துக்கு. இரண்டாவதில் 6 அடி போய், நாலரை அடி மிஞ்சும். நீளவாக்கில் 370 மி.மீ. சுமார் அகலத்தில் ஒரு பட்டையும் மிஞ்சும். அதில் மேடைக்கு மேல் சுவரோரம் ஒட்டும் நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் இரண்டு வரிசை, முன் விளிம்பைத் தடிமனாகக் காட்டும் இரண்டு அங்குலப் பட்டி இரண்டு வரிசை எடுத்துவிடலாம். நாலரை அடித் துண்டு ஜன்னல் திட்டுக்கோ வாஷ்பேசின் மேடைக்கோ ஆகும், முன்கூட்டித் திட்டமிட்டால். இல்லையென்றால் அது ஒப்பந்தக்காரர் வண்டியில் ஏறிவிடும்.

இப்போது விலை. ஒரு கணக்குக்காக மட்டும், குவார்ட்ஸ் சதுர அடி 400 ரூபாய், கிரானைட் 200 ரூபாய் என்று வைப்போம். குவார்ட்ஸ் 55 பெருக்கல் 400, ஆக 22,000. ஸ்கர்ட்டிங்கும் பட்டியும் சேர்த்து உண்மையில் மேடையில் உட்காருவது 40 சதுர அடி. ஆக அடிக்கு 550. கிரானைட்டுக்கு அதே 40 அடியோடு பத்து சதவீதம் வேஸ்டேஜ் சேர்த்து 44 அடி, 8,800. கடையில் இரண்டு மடங்காகத் தெரிந்தது, மேடையில் இரண்டரை மடங்கு. மேடை கொஞ்சம் பெரிதாகி இரண்டாவது ஸ்லாப் தேவைப்பட்டால் கேட்கவே வேண்டாம். மேடை நீளத்தை நான்கு அங்குலம் குறைத்து ஒரே ஸ்லாப்பில் அடக்க முடியுமா என்று வரைபடக் கட்டத்திலேயே பாருங்கள்.

கல் விலைக்கு வெளியே இருப்பவை இரண்டுக்கும் பொது: விளிம்பு மோல்டிங் ரன்னிங் அடிக் கணக்கு, தொட்டி, ஹாப், குழாய்த் துளை எண்ணிக்கைக் கணக்கு, பதிக்கும் கூலி, ஏற்றுக்கூலி. கடைசியை லேசாக நினைக்க வேண்டாம். 20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ. பத்தடி நீளத் துண்டு நூறு கிலோ. மூன்றாம் மாடி, லிப்டுக்குள் பத்தடி நுழையாது, படிக்கட்டில் திரும்ப வேண்டும். முழு குவார்ட்ஸ் ஸ்லாப் அதைப் போல இரண்டரை மடங்கு எடை. அதைப் பட்டறையிலேயே வெட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

கடையில் என்ன சோதிப்பது

கருப்புக் கிரானைட்டில் சாயம் ஏற்றுவது பழைய வேலை. சாம்பல் நிறக் கல்லுக்கு எண்ணெயும் சாயமும் ஏற்றிக் கருப்பாக விற்பார்கள். வெள்ளைத் துணியில் அசிடோனைத் தொட்டு, ஸ்லாப்பின் ஓரத்தில் அழுத்தி இருபது முறை தேயுங்கள். துணி கருத்தால் கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். சாயக் கல்லின் கருப்பு ஒரு வருடத்தில் திட்டுத்திட்டாக வெளுக்கும், முதலில் தொட்டியைச் சுற்றி.

விரிசலைக் காய்ந்த கல்லில் பார்க்க முடியாது. ஸ்லாப் முழுவதும் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது காயும் வரை நில்லுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கருத்து நின்றால் அதுதான் விரிசல். அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியிழை வலை ஒட்டியிருந்தால் கல் தானாக நிற்கும் வலு இல்லாதது என்று ஆலைக்காரரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். தடிமனை டேப் வைத்து நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள்: 18 மி.மீ. என்று சொல்லி 15 கொடுப்பதும், ஒரு ஓரம் 18, மறு ஓரம் 15 என்று வருவதும் உண்டு.

வெளிர் கிரானைட் என்றால் ஒரு கையகலத் துண்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு மூலையில் தண்ணீர், ஒரு மூலையில் நல்லெண்ணெய். தண்ணீர் ஐந்து நிமிடத்துக்குள் கல்லைக் கருக்க வைத்தால் அந்தக் கல்லுக்குச் சீலர் கட்டாயம், அதுவும் வருடா வருடம். அரை மணி ஆகியும் மாறாவிட்டால் கவலையில்லை. கருங்கல்லுக்குச் சீலர் அடிக்கச் சொல்பவர் பாட்டில் விற்கிறார். உள்ளே போகாத சீலர் மேலே மங்கலாகப் படிந்து நிற்கும்.

குவார்ட்ஸ் துண்டிலும் சோதனை உண்டு. கத்தி முனையால் கீறினால் கல்லில் இரும்பின் சாம்பல் கோடு விழ வேண்டும், அதைத் துடைத்தால் போக வேண்டும். கல்லே கீறிக்கொண்டால் ரெசின் அதிகம், அல்லது சுண்ணாம்புத் தூள் கலந்தது. சொட்டு அமிலம் விட்டு நுரைத்தாலும் அதே சந்தேகம். உடைந்த ஓரத்தைப் பாருங்கள்: மேலே ஓடும் நரம்பு உள்ளேயும் இறங்குகிறதா, மேற்பரப்போடு நின்றுவிடுகிறதா என்று. நின்றுவிட்டால் விளிம்பு மோல்டிங்கில் வரி அறுந்து, ஓரம் மட்டும் வெறும் வெள்ளையாகத் தெரியும். இரண்டு ஸ்லாப் வாங்குகிறீர்கள் என்றால் ஒரே லாட் எண்ணா, அதாவது ஒரே தடவையில் தயாரித்தவையா என்று பின்பக்க ஸ்டிக்கரில் சரிபாருங்கள். பால் வெள்ளையில் கூட லாட்டுக்கு லாட் சாயல் மாறும்.

நானோ ஒயிட் என்று ஒன்றைக் குவார்ட்ஸோடு சேர்த்து அடுக்கி வைத்திருப்பார்கள். அது கண்ணாடியைச் சார்ந்த பொருள். குவார்ட்ஸை விட வெள்ளை, பளிச்சென்று இருக்கும். விளிம்பு செதில் செதிலாகத் தெறிக்கும், சூட்டில் வெடிக்கும். சுவருக்குப் போடலாம், மேடைக்கு வேண்டாம்.

பதிக்கும்போது

கான்கிரீட் மேடை மேல் சிமெண்ட் கலவை பரப்பிக் கல்லைப் பதிப்பது நம் ஊர் வழக்கம். கருங்கல்லுக்கு அது போதும். அடியில் கலவை முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பதித்த மறுநாள் மரக்கட்டையால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடம் சத்தத்தில் தெரியும். பொள்ளல் மேல்தான் தேங்காய் உடைக்கும்போது, உரலில் இஞ்சி இடிக்கும்போது கல் விரிசல் விடும். வெளிர் கல்லுக்குச் சாம்பல் சிமெண்ட் ஆகாது, கல் வழியே ஈரத்தோடு நிறமும் மேலே ஏறும். வெள்ளை சிமெண்ட் சார்ந்த டைல் பசை வேண்டும். சீலர் அடிப்பதானால் அடி ஈரம் காய மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

குவார்ட்ஸை ஈரக் கலவையில் முழுதாக ஒட்டக் கூடாது. அது விரியும், கலவை விடாது. சமதளமான மேடை மேலோ பிளைவுட் மேலோ சிலிகான் பசையைத் திட்டுத்திட்டாக வைத்து அமர்த்தி, சுவரோரம் 3 மி.மீ. இடைவெளி விட்டுச் சிலிகானால் மூட வேண்டும். மாடுலர் பெட்டி மேல் வைக்கும்போது பிளைவுட் தொட்டிப் பக்கம் ஈரம் தாங்கும் ரகமா என்று பாருங்கள்; கல் எதுவானாலும் கீழே பெட்டி உப்பினால் மேலே இணைப்பு விரியும்.

இணைப்பு தொட்டியின் நடுவிலோ ஹாப்பின் நடுவிலோ விழக் கூடாது. அங்கே மிஞ்சும் கல் மூன்று அங்குலப் பட்டைதான். ‘எல்’ மூலையில் 45 டிகிரி சாய்வு வெட்டு அழகு. நேர் வெட்டு உறுதி. பொடிப்புள்ளிக் கருப்பில் இணைப்பு கண்ணுக்கே தெரியாது, நிறம் கலந்த எபாக்ஸிப் பசை அதை விழுங்கிவிடும். வெள்ளைக் குவார்ட்ஸில் மயிரிழைக் கோடு எப்போதும் தெரியும், மசாலா அழுக்கு அதில்தான் தங்கும். கீழே தாங்கல் இல்லாமல் முன்னே நீட்டுவது, காலை உணவுத் திட்டு மாதிரி, 20 மி.மீ. கல்லில் எட்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

அறுக்கும் தூசி

இதை விற்பவர்கள் சொல்வதில்லை. பளபளக்கும் கருங்கல்லில் சிலிக்காத் துகள் குறைவு. சாதாரணக் கிரானைட்டில் கால் பங்கு முதல் பாதிக்குக் கிட்டே வரை. குவார்ட்ஸில் 90 சதவீதம். காய்ந்த நிலையில் மெஷின் வைத்து அறுக்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வரும், அது ஆறாத நோய். குவார்ட்ஸ் பட்டறைகளில் இளம் வயதிலேயே தொழிலாளர்கள் நோயில் விழுந்ததைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைத் தயாரிப்பதையும் விற்பதையும் வெட்டிப் பதிப்பதையும் தடை செய்துவிட்டது. பதித்து முடித்த மேடையில் சமைப்பவருக்கு இதனால் ஆபத்து இல்லை. ஆபத்து, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உங்கள் வரவேற்பறையில் ஹாப் துளை போடும் பையனுக்கு. தொட்டியும் ஹாப்பும் முன்கூட்டியே வாங்கி, அளவு அட்டையோடு பட்டறைக்குக் கொடுத்துவிட்டால் எல்லாத் துளையும் அங்கே தண்ணீர் ஓடும் மெஷினில் முடிந்துவிடும். வீட்டில் போட்டே ஆக வேண்டிய குழாய்த் துளைக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை நிறுத்துங்கள். வேலையும் சுத்தமாக வரும். காய்ந்து அறுத்த ஓரம் செதில் விடும், ஈரத்தில் அறுத்தது விடாது.

யாருக்கு எது

தினமும் மூன்று வேளை சமையல், கூட்டுக் குடும்பம், இரும்புப் பாத்திரம், தேங்காய் மேடையிலேயே உடையும் என்றால் கருங்கல். வாடகைக்கு விடும் வீட்டுக்கும் அதுவே, யோசிக்கவே வேண்டாம். பத்து வருடம் கழித்து மங்கினாலும் டைமண்ட் பேட் வைத்து வீட்டிலேயே மறுபாலிஷ் போட்டுக்கொள்ளலாம். குவார்ட்ஸுக்கு ஆலைப் பளபளப்பை வீட்டில் கொண்டுவருவது கடினம். கருப்பில் உப்புக்கறை உறுத்துகிறது என்றால் டான் பிரவுன் மாதிரிப் புள்ளி கலந்த கல் எடுக்கலாம், அது எல்லாவற்றையும் மறைக்கும். தோல் போலச் சொரசொரப்பாக முடித்த லெதர் ஃபினிஷ் கைரேகையை மறைக்கும், ஆனால் அடுப்படியில் தாளிப்பு எண்ணெய் அதன் குழிகளில் குடியேறிவிடும். அடுப்பு இல்லாத பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் குறைந்த சின்ன சமையலறை, இரண்டு பேர், இண்டக்‌ஷன் அடுப்பு, பாத்திரத்தை எங்கே இறக்குவோம் என்ற பழக்கம் உள்ளவர்கள்: அங்கே வெள்ளைக் குவார்ட்ஸ் கொடுத்த காசுக்கு அறையையே மாற்றிக் காட்டும். வெளிர் கிரானைட்டோடு மல்லுக்கட்டுவதை விட அது எவ்வளவோ மேல்.

இரண்டையும் கலக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அடுப்பும் தொட்டியும் உள்ள ‘எல்’ மேடை முழுக்கக் கருங்கல். எதிரே காய் நறுக்கும் திட்டோ சாப்பாட்டுத் திட்டோ வெள்ளைக் குவார்ட்ஸ். அந்தத் திட்டு ஏழடிக்கு மூன்றடிக்குள் அடங்கினால் யாரோ ஒருவர் வீட்டு வேலையில் மிஞ்சிய ஸ்லாப் துண்டிலேயே முடியும். பட்டறையின் பின்பக்கம் அப்படிச் சாய்த்து வைத்த துண்டுகள் எப்போதும் இருக்கும். முழு ஸ்லாப் விலை சொல்லமாட்டார்கள், பேசிக் குறைக்கலாம்.

எந்தக் கல்லானாலும், வேலை முடிந்ததும் வெட்டி மிஞ்சியதில் ஓர் அடித் துண்டை வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். நாளை குழாய் மாற்றும்போது ஓரம் தெறித்தால் அதே லாட்டில் இன்னொரு துண்டு கடையில் கிடைக்காது. அந்தத் துண்டைப் பொடித்து எபாக்ஸியில் குழைத்து அடைத்தால் கிரானைட்டில் ஒட்டுப்போட்ட இடத்தை நீங்களே தேட வேண்டியிருக்கும்.